மாவு வைத்தால் வாரண்டி கிடையாதா?

கேள்வி: ஐயா, கும்பகோணத்தில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். சென்ற ஆடித் தள்ளுபடியில் திருச்சிக்குப் போய் ஒரு பெரிய கடையில் ரூ.31,400 கொடுத்து டபுள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கினோம். எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ரூ.2,999 தனியாக வாங்கிக்கொண்டார்கள். மாவு வைக்கத்தான் வாங்குகிறேன் என்று சொன்னபோது, கடைத் தம்பிதான் இந்த மாடலை எடுத்துக் காட்டினார்.

பங்குனியில் இருந்து மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே குளிர்ச்சியே இல்லை. கம்பெனி ஆள் முதல் தடவை வந்து "வோல்டேஜ் பிரச்சினை, ஸ்டெபிலைசர் போடுங்க" என்றார், போட்டோம். இரண்டாம் தடவை "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று நிரப்பிவிட்டு ரூ.2,200 கேட்டார். அவர் சொன்ன நம்பருக்கு ஜிபே செய்தேன், பில் தரவில்லை. பத்தே நாளில் பழையபடி ஆகிவிட்டது. மூன்றாம் தடவை "பார்ட் வரணும், ஓடிபி சொல்லுங்க" என்று வாங்கிப் போனார், பார்ட் வரவில்லை. நான்காம் தடவை வந்தவர் உள்ளே மாவு டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "இது கமர்ஷியல் யூஸ், வாரண்டி கிடையாது" என்று சொல்லிப் போய்விட்டார். கடையில் கேட்டால் "விக்கிறது மட்டும்தான் நாங்க, கம்பெனியைக் கேளுங்க" என்கிறார்கள். பில்லில் வேறு "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. ஒரே நாளில் 12 கிலோ மாவு புளித்துக் கொட்டியிருக்கிறேன். நான் நுகர்வோர்தானா? வழக்குப் போட்டால் வக்கீல் செலவே ஃபிரிட்ஜ் விலையைத் தாண்டிவிடும் என்கிறார்களே? கம்பெனிக்கு அனுப்ப நான் எழுதிய கடிதத்தையும் இணைத்துள்ளேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விக்குப் போவதற்கு முன் ஒரு சின்ன விஷயம். வெளி மெக்கானிக் யாரையும் அந்த ஃபிரிட்ஜின் பின்பக்கத்தில் கை வைக்க விடாதீர்கள். பக்கத்துத் தெரு ஆள் நல்லவராக இருக்கலாம், ஐந்நூறு ரூபாயில் சரி செய்தும் கொடுக்கலாம். ஆனால் அவர் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் போதும், "வெளியாள் திறந்துவிட்டார்" என்ற ஒரே வரியில் கம்பெனி தப்பித்துவிடும். நாளைக்கு வழக்கு என்று வந்து, நிபுணர் ஒருவர் சோதிக்க வேண்டியிருந்தால், பழுது இருந்தபடியே இருக்க வேண்டும். அதுவரை மாவுக்குப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாடகைக்கு எடுக்க முடிந்தால் எடுங்கள், வாடகைக்கு ரசீது வாங்கி வையுங்கள். அதுவும் உங்கள் நஷ்டக் கணக்கில் சேரும்.

சரி, நீங்கள் நுகர்வோரா? என் கணிப்பில், ஆம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது) வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் பட்டியலில் இருந்து விலக்குகிறது என்பது உண்மைதான். நான்காவதாக வந்த டெக்னீஷியன் அந்தப் பாதியை மட்டும் எங்கோ கேட்டிருக்கிறார். மீதிப் பாதி என்னவென்றால், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது.

இது புதிதாக முளைத்த விளக்கமும் அல்ல. பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது. 1995இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதை விரிவாக ஆராய்ந்தது. லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் என்ற நிறுவனம், நம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் வாங்கிய மெஷின் தொடர்பான வழக்கு அது. ஆட்டோவோ, காரோ, லேத் மெஷினோ வாங்கித் தானே இயக்கிப் பிழைப்பவர் நுகர்வோர்தான், துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் நுகர்வோர்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆக, உங்கள் கணவர் சொந்தமாக ஒரு ஆட்டோ வாங்கி, தானே ஓட்டி, அதில் பழுது வந்தால் அவர் நுகர்வோர். நீங்கள் மட்டும் எப்படி இல்லாமல் போவீர்கள்? மாவு கட்டித் தர மாமியார் கூட உட்காருகிறார் என்றாலும் பாதகமில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். அந்த வழக்கில் மெஷின் வாங்கிய நிறுவனம் தோற்றது. மெஷினின் விலை, தொழிலின் அளவு எல்லாம் வேறு. எங்கே கோடு போடுவது என்பதை ஒவ்வொரு வழக்கிலும் உண்மை நிலவரத்தை வைத்தே முடிவு செய்வார்கள். அதனால் மாவு விற்பதை மறைக்காதீர்கள், பெரிதாக்கியும் சொல்லாதீர்கள். உங்கள் கடிதத்தில் "எனது மாவு பிசினஸ்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். "வீட்டில் நானே மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்துகிறேன், வீட்டுச் சாமான்களும் இதே ஃபிரிட்ஜில்தான் இருக்கின்றன" என்று எழுதுங்கள். உள்ளதும் அதுதானே?

உங்கள் வழக்கில் மெலிந்த இடம் வேறொன்று. நீங்கள் நுகர்வோரா என்பது ஒரு கேள்வி. வாரண்டி கார்டின் நிபந்தனை இன்னொரு கேள்வி. "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று பல கம்பெனிகளின் கார்டில் பொடி எழுத்தில் இருக்கும். உங்கள் கார்டை எடுத்துப் பாருங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் கம்பெனி அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. முதல் மூன்று தடவை வந்த ஆளும் அதே மாவு டப்பாக்களைத்தான் பார்த்தார். அப்போது யாரும் கமர்ஷியல் என்று சொல்லவில்லை. வோல்டேஜ் என்றார்கள், கேஸ் என்றார்கள், பார்ட் என்றார்கள். நான்காம் தடவைதான் மாவு குற்றவாளி ஆகியிருக்கிறது. மாவு வைத்ததால்தான் இந்தப் பழுது வந்தது என்று எந்தத் தாளிலும் அவர்கள் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ் சமையல் சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகிற சரக்கு அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. எட்டு மாதத்தில் அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால் மறுபடியும் போகும், உங்களுக்குப் பத்து நாளில் போனது போல. அதாவது "கேஸ் குறைஞ்சிருக்கு" என்று கம்பெனி ஆளே சொன்னது, பொருளில் குறைபாடு இருக்கிறது என்பதற்கு அவர்கள் தரப்பிலிருந்தே வந்த ஒப்புதல். அதற்கு வாரண்டி காலத்துக்குள் ரூ.2,200 வேறு வாங்கியிருக்கிறார்கள். அந்த ஜிபே பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி தெரிய அச்செடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையன் பணத்தைச் சுருட்டினான் என்று மட்டும் எழுத வேண்டாம். உங்களுக்கு அது தெரியாது, நமக்கு அது தேவையும் இல்லை. "தங்கள் நிறுவனத்தின் சார்பில் வந்தவர், கேஸ் நிரப்பியதற்காக இந்த எண்ணுக்கு ரூ.2,200 பெற்றார், ரசீது தரவில்லை" என்பது போதும்.

ஸ்டெபிலைசரும் அப்படித்தான். ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டிய ஸ்டிக்கரையும், கூட வந்த கையேட்டையும் பாருங்கள். "ஸ்டெபிலைசர் தேவையில்லை" என்றும், இத்தனை வோல்ட் முதல் இத்தனை வோல்ட் வரை தாங்கும் என்றும் இப்போது பல மாடல்களில் போடுகிறார்கள். உங்களுடையதிலும் இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். முதல் டெக்னீஷியன் சொன்னதற்கு அந்த ஸ்டிக்கரே பதில்.

அப்புறம் அந்த ஓடிபி. ஊரெல்லாம் இதே கதைதான். பல கம்பெனிகளில் ஓடிபி சொன்னால் "வேலை முடிந்தது, வாடிக்கையாளர் திருப்தி" என்று புகார் மூடப்படும். பார்ட் வருவதற்கு அது தேவையே இல்லை. உங்கள் மூன்றாவது புகார் கம்பெனியின் ஆப்பில் இப்போது எப்படிக் காட்டுகிறது என்று பாருங்கள். முடிந்துவிட்டது என்றுதான் இருக்கும். அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வேலை முடிந்தது என்று பதிவான ஃபிரிட்ஜைப் பார்க்க எதற்கு நான்காம் தடவை ஆள் அனுப்பினார்கள் என்று நாளைக்கு வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் கேட்டால், அவர்கள் வக்கீல் கொஞ்சம் திணறத்தான் வேண்டும்.

நான்கு தடவையும் ஜாப் ஷீட், அதாவது வந்து என்ன வேலை செய்தார்கள் என்று எழுதிய தாள், தந்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தராமல் இருந்தால், கஸ்டமர் கேர் மின்னஞ்சலுக்கு இன்றே இரண்டு வரி எழுதி நான்கு வருகைகளின் சர்வீஸ் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். "கமர்ஷியல் யூஸ் என்பதால் வாரண்டி மறுக்கப்படுகிறது" என்பதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாயால் சொல்வதற்கு யாரும் தயங்குவதில்லை. எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னால் பாதிப் பேர் சுருதி இறங்கிவிடுவார்கள். பதிலே வரவில்லையா, அதுவும் நல்லதுதான். கேட்டும் தரவில்லை என்பது பதிவாகிவிடும்.

பில்லை முதலில் ஜெராக்ஸ் எடுங்கள். இப்போது கடைகளில் தருவது வழுவழுப்பான தெர்மல் தாள். பீரோவில் வைத்தாலே எழுத்து மங்கிவிடும். இதை அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டு மிக்ஸி பத்தாம் மாதம் மோட்டார் புகைந்தபோது, பில்லைத் தேடி எடுத்தால் வெள்ளைத் தாள் ஒன்று கையில் வந்தது. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், இதுல என்ன இருக்கு?" என்றார். நுகர்வோர் வழக்கு நடத்துகிறவன் வீட்டு லட்சணம் இது. என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

கடை தன் கையைக் கழுவ முடியாது. நீங்கள் பணம் கொடுத்தது கடைக்கு, பில் போட்டது கடை. 1930ஆம் ஆண்டு விற்பனைப் பொருள்கள் சட்டத்தில் இருந்தே, விற்கிற சரக்கு விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்ற பொறுப்பு விற்பவருக்கு இருக்கிறது. மாவு வைக்க என்று சொன்ன பிறகு கடை ஆள்தான் மாடலைக் காட்டினார் என்பதையும் கடிதத்தில் சேருங்கள், கமர்ஷியல் என்ற வாதத்துக்கு அதுவும் ஒரு பதில். கடையையும் கம்பெனியையும் இரண்டு எதிர்தரப்பாகச் சேர்த்தால், ஒருவரை ஒருவர் காட்டும் விளையாட்டை அவர்கள் ஆணையத்தில் ஆடிக்கொள்ளட்டும்.

பில்லில் உள்ள "திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டதால் அந்த 30 நாள் விதி நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் கடையில் அச்சடித்த ஒரு வரி, பழுதான பொருளுக்கான பொறுப்பைத் துடைத்துவிடாது. புடவையின் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, குளிராத ஃபிரிட்ஜ் வேறு.

எக்ஸ்டெண்டட் வாரண்டி பற்றி யாராவது பேசினால் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வழக்கமாக அது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகே தொடங்கும், கொடுப்பவரும் பெரும்பாலும் வேறொரு நிறுவனமாக இருப்பார். உங்கள் பழுது முதல் ஆண்டுக்குள் வந்தது. ஆடி வந்தால் ஓராண்டு முடிகிறது, அதனால் அதற்கு முன்பே புகார் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். இழுத்தடித்துவிட்டு, ஆடிக்குப் பிறகு "அந்த வாரண்டியில் கேளுங்கள்" என்று அனுப்புவதும் நடக்கிற விஷயம்தான்.

இனி உங்கள் கடிதம். நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கோபம் நியாயமானது, ஆனால் சாபம் வரை போயிருக்கிறது. மூன்றாம் பக்கம் வரை எந்தத் தேதியும் இல்லை. படிக்கிற ஆளுக்கு வேண்டியது தேதியும் எண்ணும்தான். இப்படி எழுதலாம்:

"தங்கள் கடையில் (தேதி) அன்று, பில் எண் (…)படி, ரூ.31,400 செலுத்தி (மாடல் எண், சீரியல் எண்) ஃபிரிட்ஜ் வாங்கினேன். (தேதி) முதல் கீழ்த்தட்டுகளில் குளிர்ச்சி இல்லை. (நான்கு தேதிகள்) அன்று டெக்னீஷியன் வந்தும் பழுது நீங்கவில்லை. புகார் எண்கள் இவை. இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பழுதை இலவசமாக நீக்கித் தர வேண்டும், இல்லையெனில் அதே திறனுள்ள புதிய ஃபிரிட்ஜ் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தர வேண்டும். கேஸ் நிரப்பப் பெற்ற ரூ.2,200ஐயும் திருப்பித் தர வேண்டும். தவறினால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்."

அவ்வளவுதான். கடைக்கு ஒன்று, கம்பெனியின் பதிவு அலுவலகத்துக்கு ஒன்று, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதியலாம். அவர்களுக்கு உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். சில சமயம் நோட்டீஸுக்கு அசையாத கம்பெனி இதற்கு அசையும். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நாளில் ஒன்றும் நடக்கவில்லையா, தஞ்சாவூருக்குப் போங்கள். திருச்சியில் வாங்கியதற்குத் திருச்சியில்தான் வழக்கு என்பதில்லை. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் கொண்டுவந்த பெரிய சௌகரியம். பொருளுக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, நீங்களே நின்று பேசலாம். வக்கீலாகிய நானே இதைச் சொல்கிறேன். ஃபிரிட்ஜ் வழக்குக்கு, ஆவணம் ஒழுங்காக இருந்தால், நீங்களே போதும். புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், ஆவணங்களின் நகல்கள் என்று எல்லாவற்றையும் எதிர்தரப்பு எண்ணிக்கைக்குத் தக்கபடி செட் செட்டாக வைக்க வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை தொடங்கியதில் இருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு, ஆனால் அதை முழுக்கச் சாப்பிடாதீர்கள்.

சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில், தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அதைவிட நாளாகும். வாய்தா வாங்குவார்கள். அதற்குத் தயாராக இருங்கள். எதிர்தரப்பு பதில் மனு போட 30 நாள், ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. 45 நாள் தாண்டியும் பதில் வரவில்லை என்றால் அதை நீங்கள் எழுந்து சொல்ல வேண்டும், தானாக நடக்கும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

எவ்வளவு கேட்பது? மன உளைச்சலுக்குப் பத்து லட்சம் கேட்கச் சொல்லி யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள் என்று உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் தெரிகிறது. கேட்பதற்குக் காசு இல்லைதான், கேட்டதும் தந்துவிடவும் மாட்டார்கள். ஃபிரிட்ஜ் விலை, ரூ.2,200, ஸ்டெபிலைசர், வாடகை, கொட்டிய மாவு, இவற்றுக்குக் கணக்குக் காட்டுங்கள். அரிசி, உளுந்து வாங்கிய மளிகைச் சீட்டுகள் இருக்குமே? எந்தெந்த நாளில் எத்தனை கிலோ கொட்டினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தினமும் மாவு வாங்கும் இரண்டு பேர், இன்ன வாரத்தில் மாவு கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதற்கு மேல் அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் நியாயமாகத் தோன்றும் ஒரு தொகையைக் கேளுங்கள்.

நோட்டீஸ் போன பிறகு கடையில் இருந்து போன் வரலாம். "அக்கா, கேஸெல்லாம் எதுக்கு, வேற மாடல் தர்றோம், கொஞ்சம் பணம் மட்டும் சேர்த்துப் போடுங்க" என்பார்கள். உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே தலையாட்டவும் வேண்டாம். சேர்த்துப் போடச் சொல்லும் தொகை எதற்கு என்று கேளுங்கள், அதிக விலை மாடலாக இல்லாவிட்டால் ஒரு ரூபாயும் தேவையில்லை. மாற்று ஃபிரிட்ஜுக்குப் புதிய பில் போட வேண்டும், வாரண்டி அந்தத் தேதியில் இருந்து தொடங்க வேண்டும், ரூ.2,999 கட்டிய எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் புதிய சீரியல் எண்ணுக்கு மாற்றித் தர வேண்டும். இந்த மூன்றும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வந்த பிறகு பழைய ஃபிரிட்ஜை வண்டியில் ஏற்றலாம். ஏற்ற வருகிற ஆள் ஓடிபி கேட்டால், புதியது வீட்டில் இறங்கி, கீழ்த்தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து, அது குளிர்ந்த பிறகு சொல்லுங்கள்.